ராமேஸ்வரம் போகிற வழியில் இறங்குங்கள்: ராமநாதபுரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் பார்க்க என்ன இருக்கிறது? எல்லாரும் ராமேஸ்வரம்தானே போகிறார்கள்?

ஆமாம், போகிறார்கள். மதுரையிலிருந்து வரும் வேன்கள் எங்கள் ஊரில் டீ குடிக்க நின்றால் உண்டு, இல்லையென்றால் நேரே பாம்பன் பாலம்தான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. சேதுவுக்குக் காவல் இருந்ததால்தான் எங்கள் ஊரை ஆண்ட மன்னர்களுக்கே சேதுபதி என்று பெயர், காசியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நடந்து வந்தவர்களுக்கு வழியெல்லாம் சத்திரம் கட்டிச் சோறு போட்ட சீமை இது, அந்தச் சீமையின் தலைநகரில் ஒரு ராத்திரிகூடத் தங்காமல் போவது எப்படி என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். அரண்மனை, அதன் சுவரெல்லாம் 300 வருடத்து ஓவியம், ஊரை ஒட்டிக் கடல் மாதிரி விரிந்த கண்மாய், அரை மணி நேரத் தூரத்தில் மாணிக்கவாசகர் பாடிய கோவில், ஆழ்வார் பாடிய கோவில், கோவில் தூண்களைப் போலவே செதுக்கிய கல்தூண்களோடு ஒரு பழைய பள்ளிவாசல், நடுவில் எங்கு பார்த்தாலும் மிளகாய்க் காடு, பனை. இரண்டு நாள் ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம்.

எந்த மாதத்தில் வரலாம்?

கார்த்திகை முதல் மாசி வரை. எங்களுக்கு மழை என்பது வடகிழக்குப் பருவமழைதான், ஐப்பசியில் தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடித்துவிடும். அது ஒழுங்காகப் பெய்த வருடம் என்றால் தை மாதம் வந்து பாருங்கள், கண்மாய்கள் நிறைந்து, வயலில் நெல் சாய்ந்து, கருவேல மரங்களில் பறவைகள் அடைந்து, இது ராமநாதபுரம்தானா என்று கேட்பீர்கள். மாசி, பங்குனியில் வந்தால் களமெல்லாம் சிவப்பாக மிளகாய் காய்வதைப் பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் வெயிலுக்குப் பழக்கமில்லாதவர்கள் வேண்டாம். சென்னையிலிருந்து என் அத்தை மகன் குடும்பத்தோடு மே மாதம் வந்தான், மதியம் 1 மணிக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பி, அரண்மனை வாசலிலேயே சின்னவள் மயங்கிவிட்டாள். அந்த மாதங்களில் வந்தே ஆக வேண்டும் என்றால் விடிந்ததும் கிளம்புங்கள், 10 மணிக்கு நிழலுக்கு வந்துவிடுங்கள், மறுபடி சாயங்காலம் 4 மணிக்கு மேல்தான்.

எப்படி வருவது? எங்கே தங்குவது?

சென்னை எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயில்கள் இங்கே நின்றுதான் போகும். மதுரையிலிருந்து பஸ் அடிக்கடி உண்டு, சுமார் 110 கிலோமீட்டர், பரமக்குடி வழி. தூத்துக்குடியிலிருந்தும் தொண்டிப் பக்கமிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரலாம். தங்குவதற்கு பஸ் நிலையத்தைச் சுற்றி எல்லா விலையிலும் விடுதிகள் இருக்கின்றன. ராமேஸ்வரத்தில் அமாவாசைக் கூட்டம் இருக்கும் நாட்களில் இங்கேயும் அறை கிடைக்காது, ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டையும் பார்த்துக்கொண்டு தேதி வையுங்கள்.

அரண்மனையில் என்ன பார்க்க வேண்டும்?

ராமலிங்க விலாசம். ஊர்க்காரர்களுக்கு "அரண்மனை" என்றால் கடைத்தெருவும் சேர்ந்ததுதான், அரண்மனை வாசல் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும். உள்ளே தர்பார் மண்டபம் தனியாக இருக்கிறது, தொல்லியல் துறையின் பொறுப்பில்.

முதலில் கொஞ்சம் கதை தெரிந்துகொண்டு போங்கள், இல்லையென்றால் பழைய பெயிண்ட் மாதிரித்தான் தெரியும். சேதுபதிகளுக்கு முதலில் தலைநகரம் போகலூர், பரமக்குடி சாலையில் இருக்கும் சின்ன ஊர். அங்கிருந்து தலைநகரை இங்கே கொண்டுவந்து கோட்டை கட்டியவர் கிழவன் சேதுபதி என்று மக்கள் சொல்லும் ரகுநாத சேதுபதி, 1710இல் இறந்தார். அவருக்குப் பின் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரைந்தவைதான் இந்த ஓவியங்கள்.

மண்டபத்துக்குள் போனதும் கண் இருட்டுக்குப் பழகட்டும். ஒரு சுவரில் தஞ்சாவூர் மராத்தியர்களோடு நடந்த போர், பீரங்கியும் குதிரையும் ஈட்டியுமாக. இன்னொரு பக்கம் சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கிற காட்சி, தொப்பியும் கால்சட்டையுமாக வந்தவர்களை நம்ம ஊர் ஓவியர் எப்படிப் பார்த்திருக்கிறார் என்று நின்று பாருங்கள். மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு ரத்தினாபிஷேகம் செய்கிற காட்சி இருக்கிறது, குலதெய்வம் ராஜராஜேஸ்வரி செங்கோல் கொடுக்கிற காட்சி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாங்கள் யாருக்கும் கீழே இல்லை என்று அந்த ராஜா சுவரில் எழுதிவைத்த மாதிரி எனக்குத் தோன்றும். ராமாயணம், பாகவதம் விதானம் வரைக்கும் போகிறது. மாடியில் ராஜாவின் அந்தரங்க வாழ்க்கை.

அந்த மாடிக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் வீரபாண்டிய கட்டபொம்மனை வரவழைத்துச் சந்தித்தது இந்த ராமலிங்க விலாசத்தில்தான். பேச்சு கைகலப்பாகி, கட்டபொம்மன் தப்பிப் போனார், அவருடைய அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார், லெப்டினன்ட் கிளார்க் செத்தான். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1795இல், இந்த ஊர் ராஜா முத்துராமலிங்க சேதுபதியையே கும்பெனிக்காரர்கள் பதவியிலிருந்து இறக்கிச் சிறைவைத்திருந்தார்கள். சிவகங்கைச் சீமையை மீட்ட வேலு நாச்சியார் 1730இல் பிறந்ததும் இந்த அரண்மனைக் குடும்பத்தில்தான். விவேகானந்தர் சிகாகோ போக ஊக்கம் கொடுத்தவர் பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரியில் சுவாமி திரும்பி வந்து பாம்பன் குந்துகாலில் இறங்கியபோது அவரை வரவேற்கப் போனவரும் அவரே.

சுவரைத் தொடாதீர்கள், தயவுசெய்து. ஏற்கெனவே பெயர் கிறுக்கியவர்கள் போதும். வார விடுமுறை எந்த நாள், படம் எடுக்க அனுமதி உண்டா என்பதைக் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். நவராத்திரியில் வந்தால் அரண்மனைக்குள் இருக்கும் ராஜராஜேஸ்வரி கோவிலில் விழா நடக்கும், அந்த ஒன்பது நாளும் ஊரே அங்கேதான்.

கண்மாயைப் பார்க்கச் சொல்கிறீர்கள். ஏரியைப் போய் என்ன பார்ப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய எழுத வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி எல்லாம் தாண்டி வருகிற வைகை எங்கள் ஊர்ப் பெரிய கண்மாயில்தான் வந்து விழுகிறது. வழியிலேயே இத்தனை கண்மாய்கள் அதைக் குடித்துவிட்டால் கடலுக்கு என்ன மிஞ்சும்? வெள்ளக் காலத்தில் மட்டும்தான் மிச்சம் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடும். ஆகவே பெய்கிற இரண்டு மாத மழையைப் பிடித்துவைத்தால்தான் சோறு. அந்தப் பிடித்துவைக்கிற வேலையை நம் முன்னோர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம், எனக்கு அரண்மனையைவிட இதுதான் பெரிது.

நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி மண்கரை போட்டிருக்கிறார்கள். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், மடை வழியாக வயலுக்குப் போகும், நிறைந்துவிட்டால் கலுங்கு வழியாக வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்கு ஓடும், அது நிறைந்து அதற்கடுத்தது. ஒரு ஊர்க்காரன் வரத்துக்காலை அடைத்தால் கீழே பத்து ஊர் காயும். கலுங்கு உயரத்தை ஒரு சாண் கூட்டினாலும் சண்டைதான். அதனால் யார் மடை திறப்பது, எத்தனை நாழிகை திறப்பது என்று எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு முறை இருந்தது, நீர்ப்பாய்ச்சி என்று அதற்கென்றே ஆள் இருந்தார், அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு.

பக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்றால் பெரிய கண்மாய்க் கரை, அல்லது சக்கரக்கோட்டைக் கண்மாய். நேரம் இருந்தால் வடக்கே ஆர்.எஸ். மங்கலம் போங்கள். ராஜசிங்கமங்கலம், பாண்டியன் பெயர் தாங்கிய ஊர். "நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்" என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஒரு நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம், 48 மடை. நிறைந்த வருடத்தில் கரையில் நின்றால் அந்தப் பக்கம் தெரியாது.

கண்மாய் பயிருக்கு, ஊருணி குடிக்க. ஊருணியில் கால் கழுவக்கூட விடமாட்டார்கள், நீங்களும் இறங்காதீர்கள். எங்கள் அப்பத்தா காலத்தில் விடியற்காலம் குடத்தோடு போய் ஊருணித் தண்ணீரை எடுத்துவந்து தேற்றாங்கொட்டை உரசித் தெளியவைப்பார்களாம். இப்போது திருச்சிப் பக்கமிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. ஆனாலும் ராமநாதபுரத்துக்குள்ளேயே முகவை ஊருணி இருக்கிறது, ஊரின் இன்னொரு பெயரே முகவைதான், சாயங்காலம் ஒரு சுற்று நடந்து வாருங்கள்.

"தண்ணியில்லாக் காடு" என்று சொல்கிறார்களே, உண்மையா?

அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆபீசில் யாரையாவது தண்டிக்க வேண்டும் என்றால் ராமநாதபுரத்துக்கு மாற்றுவேன் என்பார்கள். மழை பொய்க்கிற வருடங்கள் உண்டு, கடலோரத்தில் கிணறு வெட்டினால் உப்பு, இரண்டும் உண்மை. ஆனால் வறட்சி முழுக்க வானத்திலிருந்து வந்ததில்லை. வரத்துக்கால்கள் தூர்ந்தன, கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டியது, முறை வைத்து மராமத்து பார்த்த ஊர்க்கட்டு தளர்ந்தது. போகிற வழியில் புகை தெரிந்தால் அது கரிமூட்டம், அந்தச் சீமைக்கருவேலத்தை வெட்டி மண் போட்டு மூடி எரித்துக் கரியாக்குகிறார்கள், விவசாயம் விட்ட பல குடும்பங்களுக்கு அதுதான் கஞ்சி. மரத்தைத் திட்டுகிறவர்கள் அந்தக் குடும்பங்களையும் பார்த்துவிட்டுப் பேசட்டும் என்பது என் கருத்து.

மிளகாய்க் களத்தைப் பார்க்க முடியுமா? வெளியாட்களை விடுவார்களா?

கேட்டால் விடுவார்கள். வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, "அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கலாமா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் "வாங்க, இதுல என்னத்தப் பாக்கப் போறீக" என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தோல் தடிப்பாக, நல்ல சிவப்பாக இருக்கும். மானாவாரிப் பயிர், மழையை நம்பி விதைத்து, தை பிறந்தபின் பழம் பழமாகப் பறிப்பார்கள். பறிப்பது பெரும்பாலும் பெண்கள், குனிந்த முதுகு நிமிராமல் காலை முழுக்க. அப்புறம் களத்தில் பரப்பி, நாளுக்கு இரண்டு மூன்று முறை கிளறி, ராத்திரி பனிக்கு மூடி, வத்தலாகும் வரை காவல். அந்த நேரத்தில் ஒரு மழை பெய்தால் பழம் வெளுத்துப்போய் சோடையாகிவிடும், அந்த வருட உழைப்பு பாதி விலைக்குப் போகும். அதனால் பங்குனியில் மேகம் கட்டினால் "ஆகா, குளுகுளுன்னு இருக்கு" என்று களத்தில் நின்று சொல்லாதீர்கள்.

காய்கிற மிளகாய் மேல் நடக்கக் கூடாது. ஆட்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள், பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

உத்தரகோசமங்கை மரகத நடராஜரை எப்போது பார்க்கலாம்?

வருடம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் இருப்பார். மார்கழித் திருவாதிரைக்கு முதல் நாள் அந்தச் சந்தனத்தைக் களைவார்கள், அன்று பகலும் இரவும் மரகதத் திருமேனியைக் காணலாம், அபிஷேகங்கள் முடிந்து விடிவதற்குள் மறுபடி சந்தனம் சாத்திவிடுவார்கள். களைந்த சந்தனத்தை வாங்கக் கூட்டம் நெரியும். அந்த ஒரு நாளுக்கு வருகிறவர்கள் முதல் நாள் காலையே வரிசைக்குத் தயாராக வாருங்கள். என்னைக் கேட்டால் சாதாரண நாளில் ஒரு முறை போய்வாருங்கள். மங்களநாதரும் மங்களநாயகியும் உள்ள அந்தப் பெரிய பிராகாரத்தில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். "மண் முந்தியோ மங்கை முந்தியோ" என்று இந்த ஊரின் பழமையைப் பற்றிச் சொல்வார்கள், மாணிக்கவாசகர் திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பத்தில் திரும்பத் திரும்ப இந்த ஊரைக் கூப்பிடுகிறார். மற்ற சிவன் கோவில்களில் ஏற்காத தாழம்பூவை இங்கே சாத்துவார்கள்.

திருப்புல்லாணி, தேவிபட்டினம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் எதிரெதிர்த் திசை. திருப்புல்லாணி தெற்கே சுமார் 10 கிலோமீட்டர், திருமங்கையாழ்வார் பாடிய தலம். ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் இருப்பார், பால் பாயசம் பிரசாதம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சேதுக்கரைக் கடல். தேவிபட்டினம் வடகிழக்கே, கடலுக்குள் நவபாஷாணம், ஒன்பது கற்கள். காலையில் தேவிபட்டினம், சாயங்காலம் திருப்புல்லாணி, அதுவே சரி.

கீழக்கரைப் பள்ளிவாசலுக்கு எல்லா மதத்தவரும் போகலாமா?

தொழுகை நேரம் தவிர்த்து, வெள்ளிக்கிழமை மதியம் தவிர்த்து, பள்ளியில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பெண்கள் எதுவரை வரலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், தலைக்கு முக்காடு இருக்கட்டும். கல்லால் கட்டிய பழைய ஜும்மா பள்ளி. தூண், போதிகை, பூவேலை எல்லாம் நம்ம ஊர்க் கோவில் தச்சு, உருவம் மட்டும் இருக்காது. கிழவன் சேதுபதிக்கு மிக நெருக்கமாக இருந்த வணிகர் வள்ளல் சீதக்காதியின் ஊர் இது. உமறுப் புலவரை ஆதரித்தவர், "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற பேச்சு இன்றும் நிற்கிறது. முத்தும் சங்கும் ஏற்றிக் கப்பல் விட்ட ஊர் என்பது தெருவில் நடந்தாலே தெரியும். அங்கே யாராவது "வாங்க காக்கா" என்று கூப்பிட்டால் அண்ணன் என்று அர்த்தம்.

சாப்பாடு?

மீன். சீலா, வாளை, நண்டு, கணவாய் என்று கடல் எது கொடுத்ததோ அது. கண்மாய் மீனையும் விட்டுவிடாதீர்கள், விரால், கெளுத்தி, குறவை. பங்குனி சித்திரையில் தண்ணீர் வற்றும்போது சில ஊர்களில் கண்மாயை அழிப்பார்கள், அதாவது எல்லாரும் இறங்கி மீன் பிடிப்பார்கள். சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையும் வலையுமாக விடியுமுன் கரையில் கூடி நிற்கும், ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் அத்தனை பேரும் இறங்குவார்கள். அன்று அந்த ஊரில் எந்த வீட்டிலும் மீன் குழம்புதான். கீழக்கரையில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டிய தொதல். பனங்கிழங்கு தை மாதம், பதநீரும் நுங்கும் வெயில் காலம்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஊருக்குள் தாராளமாகக் கிடைக்கும், கிராமப் பக்கம் போகும்போது கட்டிக்கொண்டு போங்கள்.

பறவை பார்க்க எங்கே?

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் முதுகுளத்தூர்ப் பக்கம், 2022இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் வந்தவை. சக்கரக்கோட்டையும் நயினார்கோவில் பக்கத்துத் தேர்த்தங்கலும் 2025இல் சேர்ந்தன. கூழைக்கடா, நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் வரும். எல்லாமே விவசாயத்துக்கு வெட்டிய கண்மாய்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள், மழை இல்லாத வருடம் பறவையும் இல்லை. வரும் முன் அந்த வருடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓரியூர், அழகன்குளம் போகலாமா?

ஓரியூர் கட்டாயம் போகலாம். அருளானந்தர் என்று நம் மக்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம், அங்கே மண் சிவப்பு, வருகிறவர்கள் ஒரு பிடி எடுத்துப் போவார்கள். அழகன்குளம் வைகை முகத்துவாரத்தில் இருந்த பழைய துறைமுகம். ரோமானிய நாணயங்களும் கப்பல் கீறிய பானை ஓடும் அகழாய்வில் கிடைத்தன. ஆனால் அங்கே போனால் கண்ணுக்குத் தெரிவது ஒரு சாதாரண ஊர்தான், வரலாற்றில் ஆசை இருப்பவர்கள் மட்டும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

விடிந்ததும் பெரிய கண்மாய்க் கரையில் ஒரு நடை. காலை அரண்மனை, அங்கே இரண்டு மணி நேரமாவது. மதியம் சாப்பிட்டு ஓய்வு. 3 மணிக்கு மேல் கீழக்கரை, திரும்பும்போது திருப்புல்லாணி. உத்தரகோசமங்கையை இதில் திணிக்காதீர்கள், அதற்கு இன்னொரு தடவை வாருங்கள்.

கிளம்பும்போது என்ன வாங்கிப் போகலாம்?

முண்டு வத்தல், கருப்பட்டி, தொதல். வத்தலைக் களத்திலேயே வாங்கினால் விவசாயி கையில் முழுக் காசு போகும், பேரம் அதிகம் வேண்டாம். கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே விதை சலசலவென்று சத்தம் போட்டால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. வீட்டுக்குப் போனதும் ஒரு நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டு எடுத்து, சூடு ஆறினபின் டப்பாவில் அடைத்து வையுங்கள், அடுத்த தை வரைக்கும் வரும்.